தையலுக்குள் இரண்டு அங்குலம்

ஜூன் முதல் வாரம்.
ஏரியைப் பனி மூடியிருக்கும்.
ஸ்டோர் ரூமில் டேப்பைக் கழுத்தில் போட்டபடி
உட்கார்ந்திருப்பேன்.
வரிசையில் வருவார்கள்,
முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.

டேப் இடுப்பைத் தொட்டதும்
மூச்சை உள்ளே இழுக்கிறார்கள்.
ஐஸ்வால், தார் எஸ் சலாம், அம்மாபேட்டை,
எந்த ஊரானாலும்
வயிறு உள்ளே போகிற விதம் ஒன்றுதான்.
"விடு பாப்பா, பாவாடை இறுக்கும்" என்பேன்.
விடமாட்டார்கள்.
நான் எழுதுகிற எண்ணை
எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாய்ப் படிக்கத் தெரிந்தவர்கள்.

நீமாவுக்குத் தோள் பதினேழு.
"சத்தமா சொல்லாதீங்க அக்கா."
மூன்று வருஷத்தில் அவள் பேசி நான் கேட்ட
பிசிறில்லாத தமிழ் வாக்கியம் அது.
அவள் முடியைத் தேங்காய் நார் என்றவள் தமயந்தி.
தமயந்தியின் பவுடர்
கருப்பூர்ச் சுரங்கத்து வெள்ளைக்கல் பொடி மாதிரி
தாடையோடு நின்றுவிடும்.
கீழே கழுத்து தன் நிறத்தில் இருக்கும்.
காலரில் ஒட்டிய வெள்ளை
எத்தனை தடவை துவைத்தாலும் போவதில்லை.

டெபோராவுக்கு எல்லோரும் ஏங்குகிற தோல்.
அவளோ முழுக்கை கேட்டாள், மே மாத யூனிஃபாரத்துக்கும்.
கையில் புள்ளி புள்ளியாய் இருக்கும்,
அதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.
நினைத்துக்கொண்டேன் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

காவேரிக்கு இந்த மலைதான் ஊர்.
ஆளுயரக் கண்ணாடியை ஹாஸ்டலில்தான் பார்த்தாளாம்,
பார்த்த அன்றுதான்
தன் கால் குட்டை என்று தெரிந்ததாம்.
அதுவரை அது
சேர்வராயன் கோயிலுக்கு ஓடியே ஏறும் கால்.

பையன்கள் பள்ளியிலும் எனக்குத்தான் ஆர்டர்.
அபிரூபன் என்று ஒருத்தன்,
பெயருக்கு என்ன அர்த்தமோ அதை நம்பாதவன்,
பிளேசர் தோளில் பஞ்சு வைக்கச் சொல்லி
ஐம்பது ரூபாயை மடித்து நீட்டினான்.
வைத்தேன். வாங்கிக்கொண்டேன்.

லால்ரின்மாவி.
என் நோட்டில் மாவி.
எட்டாவதில் இருபத்தேழு.
ஒன்பதாவதில் இருபத்தைந்து.
அடுத்த ஜூனில் இருபத்திரண்டரை.
"அட, சிக்குன்னு ஆயிட்டியே!"
நான்தான் சொன்னேன்.
அன்றுதான் அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம்
ஜெபக்கூட்டத்தில் விழுந்தாள்.
நர்ஸ் லீவு. பழைய பில்லுக்குப் பணம் வாங்க
வாசலில் நின்றிருந்த என்னை
வேனில் ஏற்றிவிட்டார் வார்டன்.
மடியில் அவள் தலை.
கையைத் தூக்கினால்
கை நுழையாத சட்டைக்கை போல இருந்தது.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
ஹெட்லைட்டில் பலகை வரும்.
உதடு மட்டும் அசைய அவள் படித்தாள்:
இருபது,
பத்தொன்பது,
பதினெட்டு...
எண் குறையக் குறைய
அவள் முகத்தில் ஒரு நிம்மதி.
கீழே சேலம் முழுக்க விளக்கு.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவள் ஜனவரியில் வந்தாள்.
பாதி இட்லி சாப்பிடுகிறாள் என்றார்கள்,
சில நாள் முழுசும்.
வாரம் ஒருமுறை பஸ்ஸில் இறங்கி
ஒரு டாக்டரிடம் பேசிவிட்டு வருகிறாள்.
என்ன பேசுகிறாளோ, நான் கேட்டதில்லை.

அவளுக்கு டேப் பிடிக்கவில்லை நான்.
கண்ணால் அளந்தேன்.
அப்போதிருந்து எல்லாப் பாவாடையிலும்
இடுப்புத் தையலுக்குள்
இரண்டு அங்குலம் மடித்து விடுகிறேன்,
பிரித்துக்கொள்ள.
எண்களையும் மாற்றிவிட்டேன்:
இருபத்தாறுக்கு ஒரு சுழி, இருபத்தெட்டுக்கு ஒரு கொக்கி.
படிக்க முடியாமல் முறைக்கிறார்கள்.
தமயந்தி மட்டும் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.
கணக்கில் அவள்தானே முதல்.

"ஏன் இவ்வளவு துணி வீணாகுது?"
புது வார்டன் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
துவைத்தால் சுருங்கும் சார் என்றேன்.

ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
தங்கச்சி கல்யாணத்துக்கு என் ஜாக்கெட்டை அளந்தேன்.
டேப்பைச் சுற்றி
எண்ணைப் பார்க்கக் குனிந்தபோதுதான் தெரிந்தது,
நானும்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.